வெள்ளைத் தாளும் கட்டம் போட்ட தாளும்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்" என்று ஒரு கடைக்காரரோ கம்பெனியோ சொன்னால் அது எதை எழுதும்? வேலை பார்த்ததில்லை. பட்டம் இல்லை. பள்ளிக்கூடமே இன்னும் முடியவில்லை. எழுத ஒன்றும் இல்லாதவரை எழுதச் சொல்வதுதான் முதல் ரெஸ்யூமேயின் சங்கடம். இதை அமெரிக்கா ஒரு விதமாகச் சமாளிக்கிறது, ஜப்பான் வேறு விதமாக. அமெரிக்க மாணவிக்குக் கிடைப்பது வெறும் வெள்ளைத் தாள். தலைப்புகளைக்கூட அவளே போட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானிய மாணவிக்குக் கிடைப்பது கட்டம் போட்டு அச்சடித்த படிவம். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பது பெரும்பாலும் அவள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பார்த்தவுடன் முதலாவது சுதந்திரமாகவும் இரண்டாவது கெடுபிடியாகவும் தெரியும். அந்தப் படிவத்தில் சில கட்டங்கள் ஏன் இல்லை என்ற கதை தெரிந்தால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் வெள்ளைத் தாள். உச்சியில் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். பன்னிரண்டு வயதில் விளையாட்டாக வைத்துக்கொண்ட மின்னஞ்சல் முகவரியை மாற்றச் சொல்வதுதான் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் திருத்தம். புகைப்படம் கிடையாது. பிறந்த தேதி, அப்பா பெயர், மதம் எதுவும் கிடையாது. 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் வழி வந்த சம வேலைவாய்ப்பு ஆணையம், விண்ணப்பதாரரிடம் புகைப்படம் கேட்கக் கூடாது என்றே முதலாளிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. வயது எழுதாவிட்டாலும் 'பள்ளிப் படிப்பு முடிவது: ஜூன் 2027' என்ற ஒரு வரி அதைச் சொல்லிவிடும், அது வேறு விஷயம். அடுத்தது மதிப்பெண் சராசரி, நான்குக்கு இவ்வளவு என்ற கணக்கில். நன்றாக இருந்தால் போடு, இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடு என்பது ஊரறிந்த விதி. விட்டிருந்தால் என்ன அர்த்தம் என்பதும் ஊரறிந்ததுதான்.

அதற்கடுத்த 'அனுபவம்' என்ற தலைப்பில்தான் பிள்ளை திணறும். எடுத்த எடுப்பில் எழுதுவது இப்படி இருக்கும்: 'பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன்.' ஆசிரியர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். எத்தனை குழந்தைகள்? என்ன வயது? எத்தனை நாளாக? பெரியவர்கள் யாராவது கூட இருந்தார்களா? சாப்பாடு யார் கொடுத்தது? பதில்களெல்லாம் சேர்ந்து வரி இப்படி மாறும்: 'நான்கு, ஏழு வயதுக் குழந்தைகள் இருவரை ஓராண்டுக்கு மேலாகச் சனிக்கிழமை மாலைகளில் தனியாகக் கவனித்துவருகிறேன், இரவு உணவு செய்து கொடுத்து, வீட்டுப்பாடம் முடிக்கவைத்துத் தூங்கவைக்கிறேன்.' இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சொல்லப்போனால் முதல் வரிதான் உண்மையை மறைத்தது. தான் செய்தது ஒரு வேலை என்பதே பல பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் உறைக்கிறது. வெள்ளைத் தாளின் ஆகப் பெரிய நன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

புல் வெட்டியது, பனி அள்ளியது, தேவாலயத்தில் நாற்காலி அடுக்கியது, உணவு வங்கியில் டப்பாக்களைத் தரம் பிரித்தது என்று எல்லாமே இந்தத் தாளில் இடம்பிடிக்கும். தன்னார்வத் தொண்டுக்குத் தனித் தலைப்பே உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி நேரத் தொண்டுக் கணக்கு காட்டாமல் பள்ளிப் படிப்பையே முடிக்க முடியாது. விதிக்காகச் செய்த தொண்டும் தாளில் ஏறும்போது விரும்பிச் செய்ததாகத்தான் தெரியும். இதே வரிகள் பிறகு கல்லூரி விண்ணப்பத்துக்கும் போகும். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. ஆகவே பள்ளி மாணவரின் ரெஸ்யூமே பாதிக்கு மேல் கல்லூரிக்கான ஒத்திகைதான்.

வேலைக்கு அது எவ்வளவு தேவை? பர்கர் கடையிலும் பலசரக்கு அங்காடியிலும் பெரும்பாலும் இணையப் படிவம்தான் கேட்பார்கள். மேலாளருக்குத் தெரிய வேண்டியது எந்தக் கிழமைகளில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வர முடியும், வந்துபோக வழி இருக்கிறதா என்பதுதான். அவருடைய கவலைக்குக் காரணம் 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம். 14, 15 வயதுக்காரர்களைப் பள்ளி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பள்ளி வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. கோடை விடுமுறைக் காலம் தவிர இரவு ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று அழகாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளையைவிட, 'செவ்வாய், வியாழன் மாலை, ஞாயிறு முழுநாள்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கே அங்கே வேலை சீக்கிரம் கிடைக்கும். ரெஸ்யூமே எழுதச் சொல்லித்தரும் புத்தகங்கள் இந்த வரிக்கு உரிய மரியாதை கொடுப்பதில்லை.

இனி கட்டம் போட்ட தாள். ஜப்பானில் இதற்கு ரிரெகிஷோ என்று பெயர். மாலை நேரத்தில் கடையில் பகுதிநேர வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் கன்வீனியன்ஸ் கடையிலோ நூறு யென் கடையிலோ ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். விரித்தால் இரண்டு பக்கம். இடப்பக்கம் மேலே, நாலு சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் புகைப்படம் ஒட்டும் இடம். பெயர், அதற்கு மேலே உச்சரிப்பு, பிறந்த தேதி, முகவரி. கீழே படிப்பும் வேலையும், மாதவாரியாக. ஆண்டுக் கணக்கு பேரரசரின் காலப் பெயரில்: 'ரெய்வா 5, ஏப்ரல்: உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கை. ரெய்வா 8, மார்ச்: பள்ளிப் படிப்பு நிறைவு, எதிர்பார்ப்பு.' வேலை அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினால் போதும். யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். கடைசி வரிக்குக் கீழே வலப்பக்க ஓரமாக 'இஜோ', அதாவது இத்துடன் முடிந்தது, என்று எழுத வேண்டும். கறுப்பு மையில், சொந்தக் கையெழுத்தில் எழுதுவது நெடுநாள் வழக்கம். இப்போது தட்டச்சும் பல இடங்களில் செல்லுபடியாகிறது. ஆனால் கையால் எழுதுபவர் வெள்ளை மை தடவித் திருத்தக் கூடாது. வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பள்ளி முடித்ததும் நேராக முழுநேர வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடைப் படிவம் உதவாது. அவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான தனிப் படிவம் உண்டு. அதற்கு ஒரு போராட்ட வரலாறும் உண்டு.

1970-கள் வரை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் படிவம் அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அப்பா என்ன தொழில், குடும்பச் சொத்து எவ்வளவு, சொந்த வீடா வாடகை வீடா, என்ன மதம், பூர்வீகம் எது என்றெல்லாம் அவற்றில் கேள்விகள். பதினெட்டு வயதுப் பையன் லேத் மிஷினில் நிற்பதற்கும் அவன் அப்பாவின் சொத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விடை ஒன்றுதான்: புராக்குமின் பிள்ளைகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவது. தோல் பதனிடுதல், மாடு அறுத்தல், தண்டனை நிறைவேற்றுதல் போன்ற தொழில்களோடு பிறப்பால் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களின் வழிவந்த மக்கள் புராக்குமின். 1871-இலேயே அரசாணை மூலம் அந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தோற்றத்தில் வித்தியாசம் இல்லை, மொழி ஒன்று, பெயரிலும் பெரும்பாலும் தெரியாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி பூர்வீக ஊரைக் கேட்பது. எந்த ஊர் என்று கேட்டு, தலையாட்டிக்கொண்டே, ஊரில் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வியைப் போடும் ஆளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்பெனிப் படிவம் அந்த ஆளின் வேலையைத்தான் செய்தது.

புராக்கு விடுதலை இயக்கமும் ஆசிரியர்களும் இதை எதிர்த்தார்கள். ஒசாகா, கியோட்டோ அடங்கிய கின்கி வட்டாரத்தில் 1971-இல் பள்ளிகள் சேர்ந்து பொதுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தன. 1973-இல் தொழிலாளர் அமைச்சகம், கல்வி அமைச்சகம், உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சங்கம் மூன்றும் ஒத்துக்கொண்டு அது நாடு முழுவதற்கும் ஆனது. கம்பெனி தன் படிவத்தைத் தரக் கூடாது. பள்ளி தருவதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் வந்த திருத்தங்களில் இன்னும் சில கட்டங்கள் உதிர்ந்தன. இன்று அதில் இருப்பவை பெயர், முகவரி, புகைப்படம், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து படிப்பு, சான்றிதழ்கள், பொழுதுபோக்கு, பள்ளிச் செயல்பாடுகள், இந்த வேலைக்கு வர விரும்பும் காரணம். குடும்பம் என்ற கட்டமே கிடையாது.

நேர்முகத் தேர்வுக்கும் இதே வேலி உண்டு. எதைக் கேட்கக் கூடாது என்று அமைச்சகம் பட்டியல் போட்டிருக்கிறது. பிறந்த ஊர், பெற்றோர் தொழில், வீட்டு நிலவரம், மதம், ஆதரிக்கும் கட்சி இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. வீட்டில் என்ன பத்திரிகை வாங்குகிறீர்கள், நீங்கள் மதிக்கும் மனிதர் யார் என்பனவும் அதில் இருக்கின்றன. நம்மூரில் இன்டர்வியூ என்றாலே இந்தக் கேள்விதான் வரும் என்று அப்துல் கலாம் பெயரோடு தயாராகப் போவோம். அங்கே அந்தக் கேள்வி, சிந்தனைச் சாய்வைத் துருவுவது என்று விலக்கப்பட்டது. தேர்வு எழுதி வந்த மாணவர் என்னென்ன கேட்டார்கள் என்று பள்ளியில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுப்பது வழக்கம். கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் அது ஹலோ வொர்க் என்னும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கம்பெனிக்குக் கேள்வி வரும்.

ஆக, ஒரு நாட்டில் நிறத்தின் பெயராலும் இன்னொன்றில் பிறப்பின் பெயராலும் நடந்த அநியாயத்துக்குப் பதிலாகவே இரண்டு தாள்களிலும் வெற்றிடங்கள் உண்டாயின. அமெரிக்கத் தாள் முகத்தை நீக்கியது. ஜப்பானியத் தாள் முகத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தை நீக்கியது. யார் எதற்குப் பயந்தார்களோ அதை மறைத்தார்கள்.

மறைத்தது மறைந்ததா என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. மரியான் பெர்ட்ரானும் தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. முகம் போனாலும் பெயர் காட்டிக்கொடுத்தது. ஜப்பானில் காட்டிக்கொடுத்தது முகவரி. பொதுப் படிவம் வந்த இரண்டே ஆண்டில், 1975-இல், புராக்கு குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்த இரகசியப் புத்தகம் தபாலில் விற்கப்பட்டுவந்தது அம்பலமானது. அதை வாங்கியிருந்த கம்பெனிகள் 200-க்கும் மேல், பெயர்பெற்ற நிறுவனங்கள் உட்பட. படிவத்தில் கேட்க முடியாததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் பயோடேட்டா நினைவுக்கு வராமல் இருக்காது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும்விட்டது. அந்தப் பெயருக்குக் கீழே தந்தை பெயர், மதம், சொந்த ஊர் என்று நாமே வரிசையாக எழுதி, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறோம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகூடத் திருமண நிலை என்ற இடத்தில் 'ஆகவில்லை' என்று பொறுப்பாக நிரப்புகிறது.

தாளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய தூரம். ஜப்பானிய மாணவர் முழுநேர வேலைக்குத் தனியாக விண்ணப்பிப்பதில்லை. ஜூலை முதல் தேதி வேலை அறிவிப்புகள் பள்ளிக்கு வரும். செப்டம்பர் 5-இலிருந்து பள்ளியே விண்ணப்பங்களை அனுப்பும்; 16-இலிருந்து தேர்வுகள். மாணவரின் தாளோடு மதிப்பெண், வருகை, நல்ல குணங்கள் அடங்கிய பள்ளியின் அறிக்கையும் போகும். ஒகினாவா, அகிதா போன்ற சில இடங்கள் தவிரப் பெரும்பாலான மாவட்டங்களில் தொடக்கக் கட்டத்தில் ஒருவர் ஒரே கம்பெனிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். விரும்பும் காரணம் என்ற ஏழெட்டு வரிகளை ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் திருத்தி எழுதவைப்பார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாவிட்டாலும் அவள் தாள் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

விலையும் உண்டு. ஒரே ஒரு கம்பெனி, அதுவும் ஆசிரியரும் அட்டவணையும் காட்டிய கம்பெனி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லாமலே பதினெட்டு வயதில் முடிவு. ஜப்பானில் 7-5-3 என்று ஒரு வழக்கு உண்டு: சேர்ந்த மூன்றாண்டுக்குள் வேலையை விட்டுப் போகிறவர்கள் நடுநிலைப் பள்ளி முடித்தவர்களில் பத்துக்கு ஏழு, உயர்நிலைப் பள்ளியில் ஐந்து, பல்கலைக்கழகத்தில் மூன்று. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு இப்போது நான்கை ஒட்டி வந்துவிட்டது என்றாலும் அதுவும் சின்னத் தொகை அல்ல. அப்படி விட்டவர் இரண்டாவது ரிரெகிஷோவைத் தானேதான் எழுத வேண்டும். முதல் வேலைக்குக் கீழே 'சொந்தக் காரணங்களால் விலகல்' என்ற வாய்பாட்டு வரி வரும். சம்பளம் பத்தவில்லை, மேலாளர் திட்டினார் என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. கையைப் பிடித்து எழுதவைத்த பள்ளி இப்போது பக்கத்தில் இல்லை.

அமெரிக்கப் பிள்ளைக்கு இந்தத் தனிமை முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அவர்களுடைய சங்கத்தின் பரிந்துரை. நாட்டுச் சராசரி அதைவிட மிக அதிகம். அந்தக் கூட்டத்தில் 'குழந்தைகளுக்கு என்ன வயது?' என்று உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? அலுவலகம் போகும் அம்மா அப்பா உள்ள வீட்டில் அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் வரும். அங்கேயே அப்பாவின் நண்பர் அலுவலகத்தில் கோடைக்காலப் பயிற்சி ஒன்றும் ஏற்பாடாகும். தம்பி தங்கைகளைத் தினமும் பார்த்துக்கொள்ளும் பிள்ளையோ, அதை வேலை என்று சொல்ல யாரும் இல்லாததால், அனுபவம் என்ற தலைப்பையே நீக்கிவிடும். வெள்ளைத் தாள் எல்லோருக்கும் ஒரே அளவுதான், அதை நிரப்பும் சொற்கள் அப்படி இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆதரவில்லாத பிள்ளைக்கு நான் கட்டம் போட்ட தாளைத்தான் கொடுப்பேன். கூடவே அந்த ஒரு கம்பெனி விதியைத் தளர்த்தச் சொல்வேன்.

நடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குட்டையில்தான் வந்து விழுகின்றன. ஜப்பானியக் காரணங்கள் எல்லாம் 'தங்கள் நிறுவனத்தின் கொள்கையால் ஈர்க்கப்பட்டு' என்ற தொனியில் வரும். அமெரிக்கத் தாள்களில் எல்லோரும் எதையாவது தலைமையேற்று ஒருங்கிணைத்திருப்பார்கள். சுதந்திரமாக எழுதுவதற்கும் ஓர் அச்சு உண்டாகிவிட்டது.

ஜப்பானில் கடைப் படிவத்தின் கட்டங்கள் உதிர இன்னும் ஏறத்தாழ ஐம்பதாண்டு பிடித்தது. பள்ளிப் படிவத்தில் இல்லாத துணைவர் உண்டா, சார்ந்திருப்போர் எத்தனை பேர், வந்துபோக எவ்வளவு நேரம் போன்ற கேள்விகள் கடையில் வாங்கும் படிவத்தில் தொடர்ந்தன. ஆண் பெண் என்று வட்டமிடும் இடத்தை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடந்த பிறகு, 2020-இல் ஜப்பான் தர நிர்ணயச் சங்கம் தன் மாதிரிப் படிவத்தையே விலக்கிக்கொண்டது. 2021-இல் அமைச்சகம் வெளியிட்ட புதிய மாதிரியில் பாலினம் விரும்பினால் எழுதலாம் என்று ஆனது. மற்ற அந்தக் கட்டங்கள் போயின.

அமெரிக்காவில் பள்ளிக்கால ரெஸ்யூமேக்கு ஆயுள் குறைவு. கல்லூரியில் ஓராண்டு கழிந்ததும் பள்ளி விவரங்களை எடுத்துவிடச் சொல்வார்கள். அடுத்த வேலை வந்ததும் சனிக்கிழமைக் குழந்தைகள் வரி போய்விடும். நாற்பது வயது நிறைந்தவர்களுக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயதுப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு உண்டு. இருந்தும் பட்டம் வாங்கிய ஆண்டையே அழித்துவிடுங்கள் என்றுதான் அவர்களுக்கு ஆலோசனை. ரிரெகிஷோவில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாதம் கடைசிவரை முதல் வரிசையிலேயே நிற்கும். 1972 மே மாதம் பிறந்த ஒருவர் ஷோவா 63-இல் உள்ளே போய் ஹெய்செய் 3-இல் வெளியே வந்திருப்பார். ஐம்பது கடந்து வேலை மாறும்போது இந்தக் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? அதனால் படிவக் கட்டுகள் பலவற்றில், பிறந்த ஆண்டைப் பார்த்துப் பள்ளி ஆண்டுகளைக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணையும் சேர்த்தே விற்கிறார்கள்.